முதல் வீட்டுக்கு முன்பணம்: அஞ்சலகத்தில் சேர்ப்பவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு

வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளர் முதலில் கேட்பது, "உங்க பங்கு எவ்வளவு போடுவீங்க?" என்பதைத்தான். வீட்டின் மதிப்பு முழுவதையும் கடனாகக் கொடுக்க ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருவதில்லை. கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதையும் தாண்டினால் 75 சதவீதம். இவை உச்சவரம்புகள்தான். நம் சம்பளத்தையும் பழைய கடன்களையும் பார்த்து வங்கி இதைவிடக் குறைத்தும் கொடுக்கும். மீதியை, அதாவது முன்பணத்தை, வீடு வாங்குகிறவர்தான் புரட்ட வேண்டும்.

குமரி மாவட்டத்தில் இந்தப் பங்கைப் பெரும்பாலும் நகையை விற்றோ, சிட்டி (சீட்டு) பிடித்தோ, கல்ஃபில் இருக்கிற மச்சானிடம் கைமாற்று வாங்கியோதான் போடுகிறார்கள். பக்கத்திலேயே அஞ்சலகம் இருந்தாலும், அது ஓய்வு பெற்றவர்கள் வட்டி வாங்கப் போகிற இடம் என்று ஒரு நினைப்பு. மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் ஒதுக்க முடிகிற குடும்பத்துக்கு அது நல்ல வழி. அசலுக்கும் வட்டிக்கும் மத்திய அரசே பொறுப்பு. நாலு பேர் சேர்ந்து பதிவு இல்லாமல் நடத்துகிற சிட்டியில் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதல் வீட்டுக்கு என்றே அரசு நடத்தும் தனிச் சேமிப்புக் கணக்கு இந்தியாவில் இல்லை. பொதுவான சிறுசேமிப்புத் திட்டங்களைத்தான் நாம் இதற்குப் பயன்படுத்திக்கொள்கிறோம். ஒவ்வொரு திட்டத்திலும் பணம் இத்தனை வருடம் பூட்டிக் கிடக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. எல்லோரும் வட்டி எதில் கூடுதல் என்று பார்த்துச் சேர்கிறார்கள். கிரையத் தேதி வரும்போதுதான் பணம் இன்னும் இரண்டு வருடத்துக்கு வெளியே வராது என்பது தெரிகிறது. வட்டியில் அரை சதவீதம் முன்பின் போனால் ஐந்து வருடத்தில் ஆகும் வித்தியாசம் சில ஆயிரங்கள். தேதி தவறினால் கொடுத்த அட்வான்ஸே போய்விடும்.

எவ்வளவு சேர்க்க வேண்டும்

பத்து சதவீதம் இருந்தால் போதும் என்று நம்பி இறங்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். உதாரணத்துக்கு, நாகர்கோவிலை ஒட்டி நாலு சென்டில் ஒரு சிறிய வார்ப்பு வீடு, விலை 28 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 90 சதவீதம் கொடுத்தால் கடன் 25,20,000. நம் பங்கு 2,80,000.

இத்தோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன்பு பதிவுக் கட்டணமே 4 சதவீதமாக இருந்தது. இரண்டும் சேர்த்து 28 லட்சத்துக்கு 2,52,000 ரூபாய். அரசு வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் எழுதும் விலை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் இந்தக் கணக்கு. வீட்டின் விலை 10 லட்சத்துக்கு மேல் போனால் இந்தச் செலவை மதிப்போடு சேர்த்துக் கடன் தர ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. ஆக, இது முழுவதும் கைப்பணம். பெண் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும் என்று 2025 ஏப்ரலிலிருந்து ஒரு சலுகை இருக்கிறது. அது 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான். நம் உதாரண வீட்டுக்குப் பொருந்தாது.

இதுவரை 5,32,000. இதன்மேல் வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்துரை, என்ஜினியர் மதிப்பீடு, வில்லங்கச் சான்று, பத்திர எழுத்தர் கூலி என்று வரிசையாக வரும். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், பழைய பிரமாணங்கள் (பத்திரங்கள்) மலையாளத்தில் கிடைக்கின்றன. வங்கியின் வக்கீல் மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் போனால் அதை மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலையும் செலவும் சேரும். அதனால் ஆறு லட்சம் கையில் இருந்தால்தான் மூச்சுவிட முடியும்.

உண்மையான இடி இதற்கப்புறம் விழும். விற்பவர் கேட்பது 28 லட்சம். வங்கி அனுப்பும் என்ஜினியர் வீட்டைப் பார்த்துவிட்டு 25 லட்சம் என்று எழுதிவிட்டார். இரண்டில் குறைவான தொகைக்குத்தான் கடன். 25 லட்சத்தில் 90 சதவீதம் 22,50,000. இப்போது நம் பங்கு 5,50,000; தீர்வையும் கட்டணமும் சேர்ந்தால் 8 லட்சத்தைத் தாண்டிவிடும். வழி அகலமில்லாத வீடு, பிளான் அனுமதி வாங்காமல் கட்டிய மாடி, சுற்றிலும் தோப்பாக இருந்து இப்போதுதான் மனையாகப் பிரிகிற வஸ்து (நிலம்) ஆகியவற்றில் இப்படி மதிப்புக் குறைவது சகஜம். ஆகவே 28 லட்சம் வீட்டைக் குறிவைப்பவர் குறைந்தது 8 லட்சத்தை இலக்காக வைத்துக்கொள்வதே சரி. மிஞ்சினால் கிரில் போடவும் மோட்டார் மாற்றவும் ஆகும்.

ஆர்.டி.: மாதச் சேமிப்பின் நடுத்தூண்

வீடு வாங்க இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது, வருமானம் மாதாமாதம் வருகிறது என்றால் அஞ்சலக ஆர்.டி.யே, அதாவது மாதம் ஒரே தொகை கட்டுகிற தொடர் வைப்புக் கணக்கே போதும். 60 தவணை. குறைந்தது மாதம் 100 ரூபாய், அதற்கு மேல் பத்தின் மடங்கில் எவ்வளவும் போடலாம். 2024-25-ல் வட்டி 6.7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேரும். சிறுசேமிப்பு வட்டியை நிதி அமைச்சகம் காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கும். ஆனால் ஆர்.டி. தொடங்கிய அன்று இருந்த வட்டிதான் ஐந்து வருடமும் ஓடும்.

அந்த வட்டிக்கு மாதம் 10,000 போட்டால் முதிர்வில் 7,13,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். மாதம் 5,000 என்றால் 3,56,000 ரூபாய்க்குச் சற்று மேல். எட்டு லட்சம் வேண்டும் என்றால் மாதம் 11,210 போட வேண்டும்.

இதை ஒரே பாஸ்புக்கில் போடாமல் உடைத்துப் போடுங்கள். 5,000-க்கு ஒன்று, 3,500-க்கு ஒன்று, 2,710-க்கு ஒன்று என்று மூன்று கணக்கு. ஆர்.டி.யில் பாதிப் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஓடவிடும் வசதி கிடையாது, மூடினால் முழுவதும்தான். ஒரு மாதம் கை இறுகினால் சிறிய கணக்கை மட்டும் நிறுத்தி வைக்கலாம், பெரியது தடங்கலில்லாமல் ஓடும். மூன்று வருடத்துக்கு முன்னால் மூட முடியாது. அதற்குப் பிறகு மூடினாலும் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான் தருவார்கள், அதுவும் முதல் நாளிலிருந்து கணக்கிட்டு. மாதம் 10,000 வீதம் மூன்று வருடம் போட்டவருக்கு 6.7 சதவீதத்தில் ஏறக்குறைய 39,000 ரூபாய் வட்டி சேர்ந்திருக்க வேண்டும். மூடினால் வட்டியாகக் கைக்கு வருவது 22,000 சுமார்.

அவசரம் என்றால் மூடுவதைவிடக் கடன் வாங்குவது மேல். 12 தவணை கட்டி, கணக்கு ஒரு வருடம் ஓடியிருந்தால், இருப்பில் பாதி வரை கடன் உண்டு. வட்டி, ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதம். நகைக் கடனுக்கு ஓடுவதற்கு முன் இதை விசாரித்துப் பாருங்கள். அஞ்சலகத்தில் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

தவணைத் தேதியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கணக்கை மாதத்தின் 15-ம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-க்குப் பிறகு தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலை நாள் வரை நேரம் கிடைக்கும். ஒன்றாம் தேதி சம்பளம் வருகிற ஆசிரியைக்கு எது என்றாலும் ஒன்றுதான். வாரக்கூலி வாங்குகிற முந்திரி ஆலைத் தொழிலாளிக்கும் நாள்கூலிக்குப் போகிற கொத்தனாருக்கும் பின்பாதியே வசதி. தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். 5,000 ரூபாய் கணக்குக்கு 50 ரூபாய். தொகை பெரிதில்லை. நாலு தவணை விட்டுப்போனால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்க வேண்டும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நாலுக்குள் தவறியிருந்தால், தவறிய மாதங்களுக்கு ஏற்ப முதிர்வைத் தள்ளிவைத்து அந்தத் தவணைகளைப் பிறகு கட்ட விதி இடம் தருகிறது. அப்படித் தள்ளினால் வீடு வாங்கும் தேதியும் அத்தனை மாதம் தள்ளிப்போகும்.

இந்த மாவட்டத்தில் மாதாமாதம் ஒரே மாதிரி வருமானம் வருகிற வீடுகளைவிட, சீசனை நம்பியிருக்கிற வீடுகள் நிறைய. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடல் விசைப்படகுத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடல் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் இலை உதிர்கிற மாசி, பங்குனியிலும் அடைமழையிலும் பால்வெட்டு நின்றுவிடும். இவர்களுக்கு ஆர்.டி. ஒத்துவராது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தவணையை முன்கூட்டியே கட்ட விதி இருக்கிறது. கட்டினால் தள்ளுபடியும் உண்டு. ஆறு தவணையைச் சேர்த்துக் கட்டினால் 100 ரூபாய் கணக்குக்கு 10 ரூபாய், பன்னிரண்டுக்கு 40 ரூபாய். 5,000 ரூபாய் கணக்கில் ஆறு மாதத்துக்கு 500, ஒரு வருடத்துக்கு 2,000. மீன்பாடு நன்றாக இருக்கிற மாதத்தில் தடைக்காலத்தையும் தாண்டிக் கட்டி வைத்துவிட்டால் கஞ்சிக்காலத்தில் அபராதக் கவலை இல்லை. முன்கூட்டிக் கட்டுவதாகச் சொல்லிப் பணச்சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். தள்ளுபடி பாஸ்புக்கில் ஏறியதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

ஏஜென்ட் அக்காவிடம் கொடுக்கும்போது

கிராமங்களில் ஆர்.டி. பணத்தை வீட்டுக்கே வந்து வாங்கிப்போகிற பெண் முகவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் அரசு அங்கீகாரம் பெற்றவர்கள். கமிஷனை அரசே கொடுக்கிறது. நாம் தனியாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. நமக்கு ஒரு சிறிய அட்டை தருவார்கள், அஸ்லாஸ் அட்டை. அதில் மாதம், தொகை, தேதி, முகவரின் கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருக்கும். பணம் கைமாறிய அந்த நிமிடமே கையெழுத்து விழ வேண்டும். "அடுத்த மாசம் சேர்த்துப் போட்டுத் தாறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அக்கா சொந்தக்காரியாகவே இருந்தாலும் சரி.

அட்டையில் இருக்கிற கையெழுத்து, பணம் முகவரிடம் போனதற்குச் சாட்சி. பணம் அஞ்சலகத்துக்குப் போனதற்குச் சாட்சி பாஸ்புக்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாஸ்புக்கை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். அட்டையில் மே மாதம் கையெழுத்து இருந்து, பாஸ்புக்கில் மே மாதத் தவணை ஜூன் 20-ம் தேதி அபராதத்தோடு ஏறியிருந்தால், பணம் ஒரு மாதம் வேறெங்கோ சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். பாஸ்புக்கையே முகவரிடம் வருடக்கணக்கில் விட்டுவைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். கைபேசி பழகியவர்கள் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் செயலியிலிருந்து தாங்களே ஆர்.டி. கட்டிவிடலாம்.

மொத்தமாகக் கையில் பணம் வந்தால்

சிட்டி விழுந்தது, வஸ்துவில் பங்கு பிரிந்தது, பிள்ளை கப்பலிலிருந்து வந்து கொடுத்தான் என்று லட்சங்கள் ஒரேயடியாக வந்தால் தேசிய சேமிப்புப் பத்திரம், அதாவது என்.எஸ்.சி., நல்ல வட்டி தருகிறது. 2024-25-ல் 7.7 சதவீதம், 10,000 ரூபாய் ஐந்து வருடத்தில் 14,490 ஆகும். ஆனால் இருப்பதிலேயே இறுக்கமான பூட்டு இதற்குத்தான். முதலீட்டாளர் இறந்தாலோ நீதிமன்றம் உத்தரவிட்டாலோதான் இடையில் கிடைக்கும்; வீடு வாங்குவது என்கிற காரணம் செல்லாது. வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். வீட்டுக் கடனுக்கு மேல் அதுவும் ஒரு மாதத் தவணையாக ஏறும். வங்கி அதையும் கணக்கில் எடுத்துத்தான் நம் தகுதியைப் பார்க்கும். ஐந்து வருடத்துக்குள் வீடு அமைந்துவிடலாம் என்கிற நிலையில் இருப்பவர்கள் முழுத்தொகையையும் இதில் போடக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

அவர்களுக்கு அஞ்சலக டைம் டெபாசிட். ஒரு வருடம், இரண்டு, மூன்று, ஐந்து என்று நான்கு காலங்கள். ஒரு வருடத்துக்கு 2024-25-ல் 6.9 சதவீதம். ஆறு மாதம் வரை எடுக்க முடியாது. ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் மூடினால் 4 சதவீதம். ஆர்.டி. முதிர்ந்தும் வீடு அமையவில்லை என்றால் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் தூங்கவிடாமல், இரண்டு மூன்றாகப் பிரித்து ஒரு வருட டெபாசிட்டில் போட்டு வைக்கலாம். ஆறு மாதம் கழிந்து வீடு சட்டென்று அமைந்தால் தேவையான அளவுக்கு மட்டும் மூடிக்கொள்ளலாம்.

பி.பி.எப். பாஸ்புக்கில் தெரிகிற தொகையை நம்பாதீர்கள்

பி.பி.எப். என்பது பொது வருங்கால வைப்பு நிதி. வரியில்லாத வட்டி, 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம், வருடத்துக்கு 500 முதல் 1,50,000 வரை. எல்லாம் நல்லதுதான். பி.பி.எப்.பின் காலம், கணக்குத் தொடங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து 15 வருடம். இதில் படிப்பு, கடும் நோய், வெளிநாட்டுக் குடியிருப்பு ஆகிய காரணங்களுக்காக ஐந்து வருடத்துக்குப் பிறகு முன்கூட்டி மூடலாம். வீடு வாங்குவது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் வீட்டுக்கு நமக்குக் கிடைப்பது பகுதி எடுப்பு மட்டும்.

அது எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 2019 ஜூனில் தொடங்கி வருடம் 50,000 போட்டவரை எடுத்துக்கொள்வோம். தொடங்கிய நிதியாண்டு 2020 மார்ச் 31-ல் முடிந்தது. அதிலிருந்து ஐந்து வருடம் கழித்து, 2025 ஏப்ரல் முதல் எடுக்கலாம். பாஸ்புக்கில் அப்போது வட்டியோடு மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும். எடுக்கக்கூடியது, நாலு வருடத்துக்கு முந்தைய ஆண்டின் இறுதி இருப்பு, போன ஆண்டின் இறுதி இருப்பு இரண்டில் குறைந்ததில் பாதி. 2025-26-க்கு நாலாவது முந்தைய ஆண்டு 2021-22. 2022 மார்ச் 31-ல் மூன்று வருடத் தொகையும் வட்டியும் மட்டும்தான் இருந்தது. அதில் பாதி ஏறக்குறைய 85,000. மூன்றரை லட்சம் இருக்கிறது என்று நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர் மீதிக்கு எங்கே போவார்? நிதியாண்டுக்கு ஒருமுறைதான் எடுக்க முடியும். மார்ச் கடைசியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று எடுத்தால் இரண்டு வருடத்தின் அனுமதியும் அடுத்தடுத்துக் கிடைக்கும். கிரையத் தேதி சித்திரையை ஒட்டி இருந்தால் இது உதவும்.

ஆகவே பி.பி.எப். ஏற்கெனவே இருந்தால் அதிலிருந்து கிடைப்பதைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காகவே புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் வீடு ஏழெட்டு வருடம் தள்ளி இருக்க வேண்டும். பணத்தை மாதத்தின் 5-ம் தேதிக்குள் போட்டால் அந்த மாதத்துக்கும் வட்டி உண்டு. 6-ம் தேதி போட்டால் இல்லை.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள்

துபாயிலோ தம்மாமிலோ வேலை பார்த்து என்.ஆர்.ஐ. ஆகிவிட்டவர் தன் பெயரில் புதிதாக இந்தச் சிறுசேமிப்புக் கணக்குகளைத் தொடங்க முடியாது. போவதற்கு முன் தொடங்கிய பி.பி.எப்.பை முதிர்வு வரை தொடரலாம், அதன் பிறகு நீட்டிக்க முடியாது. ஊரில் இருக்கிற மனைவி தன் பெயரில் ஆர்.டி. போடலாம். வீட்டையும் கடனையும் இருவர் பெயரிலும் வைத்துவிட்டால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கும்போது பாஸ்புக்கைக் காட்டுவது எளிது.

பிரிட்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு வேறு கதை. அங்கே முதல் வீட்டுக்கு என்றே அரசு ஊக்கத்தொகை தருகிற லைப்டைம் ஐசா கணக்கு இருக்கிறது. 18 முதல் 39 வயது வரை தொடங்கலாம். வருடத்துக்கு 4,000 பவுண்டு வரை போட்டால் அரசு 25 சதவீதம், அதாவது 1,000 பவுண்டு வரை சேர்க்கும். முதல் தொகை போட்டு 12 மாதம் ஆன பிறகு, 4,50,000 பவுண்டுக்கு மேற்படாத வீட்டைக் கடனோடு வாங்கும்போது எடுக்கலாம்; பணம் நம் கைக்கு வராமல் வீட்டுப் பத்திர வேலை பார்க்கிற வக்கீலுக்கு நேரே போகும்.

அந்த வீடு பிரிட்டனில் இருக்க வேண்டும். கருங்கல்லிலோ மார்த்தாண்டத்திலோ வீடு கட்ட அந்தப் பணத்தை எடுத்தால் 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். ஊக்கத்தொகையைத்தானே திரும்ப எடுக்கிறார்கள் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 1,000 பவுண்டு போட்டால் 1,250 ஆகிறது. அதில் 25 சதவீதம் 312 பவுண்டு 50 பென்ஸ். கைக்கு வருவது 937.50. சொந்தப் பணத்திலேயே 62.50 போய்விட்டது.

நம் ஊர்க் குடும்பங்களைத் தடுக்கிவிடுகிற இன்னொரு விதியும் அதில் இருக்கிறது. முதல் வீடு வாங்குபவர் என்றால் உலகில் எங்கேயும் வீட்டில் உரிமை வைத்திருக்காதவர், முன்பும் வைத்திருந்திராதவர் என்று பொருள். அப்பா காலமான பிறகு ஊர் வீட்டில் வாரிசுப் பங்கு வந்திருந்தாலும், தங்கை பெயரோடு சேர்த்துப் பத்திரத்தில் பெயர் போட்டிருந்தாலும் அந்தத் தகுதி போய்விடும். வெறும் மனைக்கு இந்தச் சிக்கல் இல்லை. பிள்ளை லண்டனில் ஐசாவில் சேர்த்துக்கொண்டிருக்கும்போது, பாசத்தில் ஊர் வீட்டை இங்கே அவள் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிவைக்கிற பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணத்தை வெளியே எடுக்கும் வேளை

ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர், பான் அட்டையில் இனிஷியல் விரிந்து இன்னொரு பெயர் என்பது இங்கே சாதாரணம். முதிர்வு நாளன்று கவுன்டரில் நின்று இதைச் சரிசெய்ய முடியாது. முதிர்வுக்கு ஆறு மாதம் முன்பே பாஸ்புக்கையும் ஆதாரையும் பானையும் ஒன்றாகக் கொண்டுபோய் விவரத்தைப் புதுப்பித்து, கையெழுத்து மாறியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். ஆதார் கொடுக்காத பழைய சிறுசேமிப்புக் கணக்குகளை 2023 அக்டோபரிலிருந்து முடக்கிவைக்க விதி இருக்கிறது. வாரிசுதாரர் பெயர் இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்கும் தொடங்கி வைத்திருந்தால், 500 ரூபாய் இருப்பு போதும், முதிர்வுத் தொகை அதில் ஏறி அங்கிருந்து வங்கிக்கு நெஃப்ட் வழியாகப் போகும். பெரிய தொகையை ரொக்கமாகக் கையில் தரமாட்டார்கள். தருவதாக இருந்தாலும் வாங்காதீர்கள். வீட்டுக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விழலாம். கொடுக்கிற நமக்கும் நஷ்டம் உண்டு: ரொக்கமாகக் கொடுத்ததை நம் பங்காக வங்கி ஏற்காது. பாஸ்புக்கிலிருந்து வங்கிக்கு, வங்கியிலிருந்து விற்பவருக்கு என்று தடம் தெளிவாக இருந்தால் கடன் அதிகாரிக்குக் கேள்வியே வராது.

சம்பளத்தில் பி.எப். பிடித்தம் உள்ளவர்கள் வீட்டுக்காக அதிலிருந்தும் எடுக்கலாம். ஓய்வுக்காலப் பணம் என்பதால் மற்றதெல்லாம் போதாதபோது மட்டும் அதைத் தொடலாம். நாகர்கோவில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் வாங்குகிறவர்களுக்குப் பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-ல் வட்டி மானியம் இருக்கிறது. குடும்ப வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் எங்கும் சொந்தமாகக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம். அதிகபட்சம் 1,80,000 ரூபாய், ஐந்து வருடத் தவணைகளில் கடன் கணக்கில் வரவாகும். நம் உதாரண வீட்டில் வங்கி 25,20,000 கொடுத்தால் 20,000 ரூபாயில் தகுதி போய்விடும். அங்கே கைப்பணத்தைக் கொஞ்சம் கூட்டிக் கடனை 25 லட்சத்துக்குள் நிறுத்துவதே லாபம். மானியம் கடன் தொடங்கிய பிறகுதான் வரும். முன்பணத்துக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

அக்ரிமென்ட் போடும் நாளைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். மூன்று மாதக் கெடு என்றால், ஆர்.டி.யின் முதிர்வுத் தேதி அந்தக் கெடு முடிவதற்குக் குறைந்தது முப்பது நாள் முன்பாக விழ வேண்டும். வக்கீல் கருத்துரையும் மதிப்பீடும் முடிந்து கடன் அனுமதியாக நாலைந்து வாரம் போய்விடும். நம் பங்கு முழுவதும் கட்டியாயிற்று என்று தெரிந்த பிறகுதான் பெரும்பாலான வங்கிகள் தங்கள் காசோலையைத் தருகின்றன. விற்பவர் அவசரப்படுத்தினால் மூன்றுக்குப் பதில் நாலு மாதம் கேளுங்கள். அட்வான்ஸைச் சற்றுக் கூட்டிக் கொடுத்தால் பலரும் சம்மதிப்பார்கள். கெடுத் தேதியையும், வங்கிக் கடன் கிடைக்காமல் போனால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வர வேண்டும் என்பதையும் அக்ரிமென்டில் எழுத்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.